புரட்டாசி முடிந்த பிறகு



புரட்டாசி முடிந்துவிட்டது. ஐப்பசியின் முதல் ஞாயிறு விடியும் முன்பே கறிக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். அடுத்து தீபாவளி, இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் பல வீடுகளில் அன்றைக்குப் பொழுதே விடியாது. ஒரு மாதம் கறி இல்லாமல் நன்றாகத்தானே இருந்தோம், அந்தப் பழக்கத்தில் கொஞ்சத்தை மற்ற மாதங்களுக்கும் நீட்டிக்கொள்ளலாமே என்பதுதான் இந்த இதழில் என் வேண்டுகோள்.

அடியோடு விடச் சொல்லவில்லை. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கும் உரிமையும் யாருக்கும் கிடையாது. ஆனால், "ஆட்டுக்கறிதானே, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்போம். மருத்துவக் கணக்கில் ஆடு, மாடு, பன்றி எல்லாமே சிவப்பு இறைச்சிதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிவப்பு இறைச்சி பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2015-ல் அறிவித்தது. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் பற்றி இன்னும் உறுதியாகவே சொன்னது: தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. வாரத்துக்குச் சமைத்த சிவப்பு இறைச்சி 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் சாசேஜ் இருந்தால், முதலில் அதைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

ரத்தம் ஊற ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வறுத்துத் தருவது நம் வீட்டு வழக்கம். அதில் இரும்புச்சத்து நிறையவே உண்டு. ரத்தசோகை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம். மற்றவர்கள் பயறையும் முருங்கைக்கீரையையும் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிடலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் மட்டும் அந்தச் சத்து சரியாக உடம்பில் ஒட்டாது.

பண்டிகைக்கு முன் ஆட்டுச் சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். டெம்போவில் ஆடுகளைக் கால் மாற்றி வைக்கக்கூட இடமில்லாமல் நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாயும். தண்ணீர் காட்ட ஆள் இருக்காது. வளர்த்தவருக்கு அதுதான் பிழைப்பு. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நாம் வாங்குவது குறைந்தால், அந்த வண்டியில் ஏறுவதும் குறையும். 1867-ல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. மனிதரின் பசியைத் தீர்ப்பதையும் உயிர்க்கொலை தவிர்ப்பதையும் அவர் ஒரே இரக்கமாகப் பார்த்தார். அந்த இரக்கம் நம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கும் எட்டட்டும்.

கறியைக் குறைக்க வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பிரியாணிக்குத் துணையாக வரும் டால்ச்சாவைப் பாருங்கள். பருப்பு, கத்தரிக்காய், மாங்காயோடு கால் கிலோ எலும்புக்கறி போட்டால் போதும், பானை முழுக்கக் கறி மணக்கும். ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கறியைக் குறைத்துக் காயும் பயறும் கூட்டிச் செய்யும் இதுபோன்ற பக்குவம் உங்கள் வீட்டிலும் இருக்கும். எழுதி அனுப்புங்கள், கார்த்திகை இதழில் வெளியிடுகிறோம்.

இனிய தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்