முகவரி இல்லாதவங்களுக்கும் ஒரு கடை

இணையக் கடை ஒன்றைக் கட்டிப் பார்ப்பது இப்போ நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ரியாக்ட்டில் முகப்பு, நோட் ஜேஎஸ்ஸில் சர்வர், பின்னால் ஒரு தரவுத்தளம். யூடியூப் பார்த்தே அமேசான் மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம். செய்யுங்க, நல்லதுதான். ஆனா எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு: அந்தக் கடையில் பன்வில பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தர் ஒரு சோடி சப்பாத்து வாங்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அவரைத் தடுப்பது விலையோ வடிவமைப்போ இல்லை, முகவரிப் படிவம். அமெரிக்கப் பாடத்தை அப்படியே நகலெடுக்கிறோம். அதனால் வீதி, மாநிலம், ஜிப் கோட், குடும்பப் பெயர் எல்லாம் கட்டாயம் ஆகிடுது. இலங்கையில் மாநிலமே கிடையாது; 9 மாகாணம், 25 மாவட்டம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை. பல காம்பராக்களுக்குத் தனி முகவரியும் இல்லை.

இது இணையத்தோடு வந்த பிரச்சினை இல்லை. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை! இன்னும் பல தோட்டங்களில் கடிதம் நேரா வீட்டுக்கு வராது. தோட்ட ஆபீசுக்கு வந்து, கை மாறித்தான் வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைத்த கதை மலையகத்தில் யாருக்கும் புதுசு இல்லை. அந்தப் பழைய ஒதுக்கலை நாமளே ஒரு ‘கட்டாயம்’ என்ற வரியில் மறுபடி எழுதலாமா?

மாற்றுவது கஷ்டமும் இல்லை. தோட்டம், டிவிசன், அடையாளம், கைபேசி எண் என்று நாலு கட்டம் போதும். “பிள்ளைக் காம்பராவுக்குக் கீழ, ரெண்டாவது லயம்” என்று எழுத இடம் விடுங்க. கொழுந்து மடுவத்தையோ டவுன் கடையையோ பொருள் எடுக்கும் இடமாகத் தெரிவு செய்ய விடுங்க. பொருளைக் கையில் வாங்கிட்டுக் காசு கொடுக்கும் வழியும் இருக்கணும். வங்கி அட்டை எல்லார்கிட்டயும் இல்லை.

பெயரைத் தமிழில் எழுதினாலும் ஏற்கணும். ‘கொ’ நமக்கு ஒரு எழுத்து. யூனிகோடில் 2 குறியீடு, யூடிஎஃப்-8இல் 6 பைட். ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் சோதனையும், அளவு குறைந்த பெயர்க் கட்டமும் நம்ம பெயரையே பிழை என்று சொல்லிவிடும். மைஎஸ்கியூஎல் என்றால் எழுத்துத்தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று வைங்க. லத்தீன்1இல் விட்டால் தமிழ்ப் பெயர் சரியாப் பதியாது.

மலையில் சிக்னல் வரும், போகும். பதில் வரலைன்னு மறுபடி பொத்தானை அழுத்துவாங்க; ரெண்டு ஓடர் விழும். ஒவ்வொரு ஓடருக்கும் முகப்பிலேயே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் புதுசா பதியாமல் இருக்கணும். ஒரே கூலியில் வாழும் வீட்டில் ரெண்டு பார்சல் வந்து நிற்பது சின்ன விசயம் இல்லை.

“இது பழகத்தானே செய்றோம், இவ்வளவு எதுக்கு?” என்று கேட்கலாம். பழக்கத்தில் விட்டதைத்தான் நாளைக்குச் சம்பளத்துக்கும் விடுவோம். பாடசாலை அனுமதி, வங்கி, வேலை விண்ணப்பம் என்று நாளைய படிவங்களை எழுதப் போறது நம்ம கைதான். நேர்முகத்தில் சொல்லவும் இது உதவும்: ஆயிரத்தோராவது அமேசான் நகலைவிட, உண்மையான ஒரு சிக்கலைத் தீர்த்த சின்னக் கடை பற்றிப் பேச நிறைய இருக்கும்.

தராஸை 2018இல் அலிபாபா வாங்கியது. அந்தக் காசோட நாம மோத முடியாது. ஆனா மடுல்கலைப் பக்கம் எந்த வளைவு வரைக்கும் த்ரீவீலர் ஏறும், எந்த லயத்துக்கு எந்தப் பெயர் என்று நமக்குத் தெரியும். அடுத்த தடவை கடை கட்டும்போது முகப்புப் படத்தில் தொடங்காதீங்க. முகவரிப் படிவத்தை முதலில் எழுதுங்க. எழுதியதை அம்மாகிட்டக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்க. அவங்க எந்தக் கட்டத்தில் நிற்கிறாங்களோ, அந்த இடத்தில்தான் உங்க வேலை தொடங்குது.