குழல் நீண்டால் என்ன?

மாதிரி டாங்கியின் பீரங்கிக் குழல் ஓரங்குலம் நீண்டால் என்ன, குறைந்தால் என்ன? மாணவனின் கைத்திறனைப் பாராட்டினால் போதாதா? இவ்வாறு கேட்போர் நம் ஆசிரியரிடையேயே உளர். ஓரெழுத்து வேறுபாட்டிற்காக ஏடுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கிய உ.வே.சாமிநாதையரை வகுப்பில் போற்றுவோரும் இவர்களே! ஏட்டிற்கு ஒரு நீதி, இரும்பிற்கு ஒரு நீதியோ?

கிள்ளான் வட்டாரப் பள்ளியொன்றின் வரலாற்றுக் கண்காட்சியில், 'சிலிம் ரிவர், 1942' என்னும் அட்டையுடன் சப்பானியரின் 97 வகை நடுத்தர டாங்கி வைக்கப்பட்டிருந்தது. சாயமும் சேறும் வெகு நேர்த்தி. ஆயினும் மேற்கூண்டிலிருந்து நீண்டிருந்தது 47 மில்லிமீட்டர் பீரங்கி. பரிசும் அதற்கே! பேராக் சாலையில் 1942 ஜனவரி 7ஆம் நாள் வந்த நடுத்தர டாங்கிகள் தாங்கியதோ 57 மில்லிமீட்டர் குட்டைப் பீரங்கி. 1/35 அளவில் அதன் முழுக் குழல் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். நாற்பத்தேழின் குழல் 64. இஃது உற்றுநோக்கினால் மட்டுமே தெரியும் நுணுக்கமன்று. நாற்பத்தேழு பூட்டிய திருத்த வடிவம் 1942 ஏப்ரலில் பிலிப்பைன்சில்தான் களம் கண்டது. தாமியா நிறுவனம் இரு வடிவங்களையும் தனித்தனிப் பெட்டிகளில் விற்றிருக்கிறது. தேர்ந்து வாங்குவது நம் பொறுப்பு.

குழல் ஏன் குட்டை? காலாட்படைக்குத் துணையாய் மணல்மூட்டை அரண்களைத் தகர்க்கவே அது செய்யப்பட்டது, கவசத்தைத் துளைப்பதற்கன்று. 1939இல் நொமொன்கான் களத்தில் சோவியத் டாங்கிகளின்முன் அதன் இயலாமை வெளிப்பட்டது. அத்தகைய பீரங்கி சிலிம் ரிவரில் மட்டும் போதியதாயிற்றே, எவ்வாறு? அங்கு நின்ற 11ஆம் இந்திய டிவிஷனிடம் ஒரு டாங்கியும் இல்லை. சாலைத் தடைகளும் கண்ணிவெடிகளும் போதிய அளவு இல்லை. விடியுமுன் வந்த டாங்கிகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஊடுருவின. கடைசியில் முன்னணி டாங்கியை நிறுத்தியது 4.5 அங்குல ஹவிட்சர் ஒன்று. நான்கே நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் வீழ்ந்தது.

எதிர்க்க இயலாத எஃகு மலைகளா அவை? ஜனவரி 18இல் மூவாரை அடுத்த பக்ரியில், ஆஸ்திரேலியரின் 2 பவுண்டர் பீரங்கிகள் 95 வகை இலகு டாங்கிகள் ஒன்பதை நொறுக்கின. அவற்றின் கவசம் 12 மில்லிமீட்டரே.

ஆகவே நீண்ட குழலைப் பார்க்கும் மாணவன், 'பேராயுதத்தின்முன் வெள்ளையன் என்ன செய்வான்' என்றே எண்ணுவான். ஆட்சியாளரின் ஆயத்தமின்மை மறைந்துபோகும். அதன் விலையைக் கொடுத்தவர்கள் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள். பின்னர், சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கன்றோ நாம் இந்தப் பொம்மையைக் காட்டுகிறோம்?

இனி, கண்காட்சிக்கு வரும் நடுவர் ஓர் அளவுகோலும் கொண்டுவரட்டும். நாற்பத்தேழைப் பூட்டியே தீர வேண்டுமென்று மாணவன் விரும்பினால், பூட்டட்டும். அட்டையில் 'பிலிப்பைன்ஸ்' என்று எழுதச் சொல்லுங்கள்.