ஆக்சுவரி வாயைத் திறக்கலாமா?

ஆக்சுவரின்னா யாருன்னு கேட்டா நம்ம பொறியியல் மக்கள்லயே பாதிப் பேர் முழிப்பாங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனியில எந்த நஷ்டம் எத்தனை தடவை வரும்னு கணிச்சு, பிரீமியம் இவ்வளவு வாங்குன்னு சொல்றவர். கணக்குப் பரீட்சை பாஸ் பண்ணின ஜோசியர்னு வச்சுக்குங்க :)

இந்தத் தொழிலுக்குன்னே 2006-ல ஆக்சுவரிகள் சட்டம் வந்தது. எதெல்லாம் ஒழுங்கீனம்னு அதோட அட்டவணையில இருக்கு. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாம, சட்டமும் கேக்காம, வேலையில தெரிஞ்சதை வெளியில சொன்னா நடவடிக்கை. நாமளும் என்.டி.ஏ.ல (அட, அரசியல் கூட்டணி இல்லைங்க) கையெழுத்துப் போட்டவங்கதானே. ஒருத்தரோட வியாதி, வயசு, சம்பளம் வெளியில போகக் கூடாது. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

எனக்கு இடிக்கிறது பயிர்க் காப்பீட்டுல. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். ஆனா ஆக்சுவரி கணக்குப்படி வர்ற முழு பிரீமியம் அதைவிட எத்தனையோ மடங்கு போகலாம். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுது. அதாவது நம்ம வரிப்பணம்.

இழப்பீட்டுக் கணக்கு திறந்த புத்தகம். ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச அஞ்சு வருஷத்தோட சராசரி, அதுல 70, 80 இல்லன்னா 90 சதவீதம், அதுதான் உத்தரவாத மகசூல். அது எக்டேருக்கு 2000 கிலோன்னு வைங்க, அறுவடைப் பரிசோதனையில ஊர் சராசரி 1500 வந்தா 25 சதவீதம் இழப்பீடு. எட்டாம் கிளாஸ் பையன் போடுவான். பிரீமியம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் போட முடியாது. டெண்டர்ல ஒரு சதவீதம் வரும். அதுல பழைய நஷ்டம் எவ்வளவு, பயத்துக்குச் சேர்த்தது எவ்வளவு, லாபம் எவ்வளவுன்னு கேட்டா, தொழில் ரகசியம்.

2023 பிப்ரவரி ஆரம்பத்துல அறுக்கற நேரத்துல மழை கொட்டி டெல்டாவுல சம்பா சாய்ஞ்சதே, அதுக்கப்புறம் தாராசுரத்துல எங்க சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அடங்கல், பட்டா, பாஸ்புக்குன்னு எல்லாத்தையும் நம்மகிட்ட வாங்கிக்கறான். அவன் கணக்கை நமக்குக் காட்ட மாட்டானா?" எனக்குப் பதில் தெரியலை.

ரகசியத்துல ஏற்கெனவே ஒரு கதவு இருக்கு. 2000-லயே ஐ.ஆர்.டி.ஏ. போட்ட விதி: கம்பெனியில ஏதாவது தப்பாப் போச்சுன்னா நியமன ஆக்சுவரி நிர்வாகத்துகிட்ட சொல்லணும், கேக்கலைன்னா ஆணையத்துக்கு எழுத்துல சொல்லணும். அதே வருஷ டிசம்பர்ல இங்கிலாந்துல 1762-லேர்ந்து நடந்த ஈக்விட்டபிள் லைஃப் புது பாலிசி விக்கறதையே நிறுத்துச்சு. அங்க ஒரு காலத்துல ஆக்சுவரியும் தலைமை நிர்வாகியும் ஒரே ஆள். அவர் யார்கிட்ட போய் சொல்லுவார்?

ஆனா அந்தக் கதவும் ஆணையத்து அறைக்குள்ளதான் திறக்குது. பணம் கட்டுற எங்க சித்தப்பா பக்கம் இல்லை.

போட்டிக் கம்பெனி காப்பியடிச்சுடும்னு சொல்வாங்க. நியாயம்தான். அப்ப டெண்டர் காலம் முடிஞ்சப்புறம் வெளியிடுங்க. மகசூல் புள்ளிவிவரம் அரசாங்கத்தோடது, பணம் பெரும்பாலும் அரசாங்கத்தோடது, நெல்லு சித்தப்பாவோடது. இதுல ரகசியம்னு மிஞ்சறது கம்பெனி சேர்த்த லோடிங் மட்டும்தான். அதைத்தான் நாங்க கேக்குறோம்.