சரிவை வெட்டும் முன்...

மலைச்சரிவில் வீடு கட்டுவோர் மேல்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்புறத்தில் கொட்டிச் சமதளம் அமைக்கின்றனர். தடுப்புச் சுவரும் வடிகாலும் இல்லையேல், மழைநீர் புகுந்து வெட்டிய சரிவும் இறுகாத கொட்டுமண்ணும் ஒருசேர நகர்கின்றன.

உத்தரகண்டின் ஜோஷிமட் (இன்றைய ஜோதிர்மட்) பழைய நிலச்சரிவு மண்மீது அமைந்த ஊர். அங்கு சரிவைத் தோண்டவோ, பாறைகளை அகற்றவோ கூடாது என மிஸ்ரா குழு 1976-லேயே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை கோப்பிலேயே உறங்கியது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. காரணங்கள் பல, கட்டுப்பாடற்ற கட்டுமானமும் அவற்றுள் ஒன்று.

மலைப்பகுதிகளில் கட்டட வரைபடத்துடன் மண் வெட்டும் ஆழம், தடுப்புச் சுவர், வடிகால் ஆகியவற்றையும் நேரில் ஆய்வு செய்த பிறகே அனுமதி என்பதை மாநில அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். சரிந்த பின் வழங்கும் நிவாரணம் ஊரை மீட்டுத் தராது.