குத்துச்சண்டை ஜோசியம் பலிக்குமா?

தை மாதத்தில் அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கம் நிற்கும் பெரியவர்களிடம் போய், “இன்றைக்குக் கார் பரிசு யாருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள்.

சிரிப்பார்கள்.

“முதலில் மாடு வெளியே வரட்டும், தம்பி!” என்பார்கள்.

ஐம்பது வருஷம் மாடு பார்த்தவர்கள் அவர்கள். எந்தக் காளை எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பையனுக்குப் பிடி உறுதி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஜெயிக்கப் போகிறவன் பெயரை மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். எந்த மாடு எந்த நேரம் வரும், அப்போது திமிலுக்கு அருகே யார் நிற்பான் என்பது யாருக்கும் தெரியாது. அது அவர்களுக்குத் தெரியும்.

அதே மதுரையில், ஒலிம்பிக் வந்துவிட்டால் போதும். சிம்மக்கல்லிலும் தெற்குவாசலிலும் டீக்கடைப் பெஞ்சுக்குப் பெஞ்சு ஜோசியர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

“குத்துச்சண்டையில் நமக்கு இரண்டு பதக்கம் நிச்சயம்!”

“இரண்டா? மூன்று!”

பத்திரிகைகளும் டெலிவிஷனும் பட்டியல் போடுகின்றன. பட்டியல் பலித்தால் ஜோசியருக்குப் பெருமை. பொய்த்தால்? திட்டு முழுவதும் சண்டை போட்டவருக்கு!

இது நியாயமா?

பாரீஸில் என்ன நடந்தது?

2024ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து 6 குத்துச்சண்டைக்காரர்கள் போனார்கள். நால்வர் பெண்கள், இருவர் ஆண்கள்.

பட்டியல்களில் முதல் பெயர் நிகாத் ஸரீன். 2022, 2023 என்று இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். அடுத்த பெயர் லவ்லினா போர்கோஹெய்ன். டோக்கியோவில் வெண்கலமும், 2023இல் உலகப் பட்டமும் வென்றவர்.

ஆறு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

“ஏமாற்றிவிட்டார்கள்!” என்றது ஊர். யாரிடம் தோற்றார்கள் என்று யாராவது பார்த்தார்களா?

நிகாத்தை வென்றவர் சீனாவின் வூ யூ. அவர் அந்த எடையில் தங்கம் வாங்கினார். லவ்லினாவைக் காலிறுதியில் வென்றவர் சீனாவின் லீ சியான். அவருக்கும் தங்கம். நிஷாந்த் தேவை வென்ற மெக்சிகோ வீரர் மார்கோ வெர்டேவுக்கு வெள்ளி. ஜாஸ்மின் லம்போரியாவை முதல் சண்டையிலேயே வென்ற பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெட்டேசியோவுக்கு வெண்கலம்.

அதாவது, ஆறு பேரில் நான்கு பேர் பதக்கக்காரர்களிடம்தான் தோற்றார்கள். சாமானியர்களிடம் அல்ல!

சீட்டு யார் பக்கம்?

ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது. ஈட்டி எறிதலில் அளவு நாடா இருக்கிறது. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்த்து ஒரு கணக்குப் போடலாம்.

குத்துச்சண்டையில் அந்தக் கணக்கு நடக்காது. இங்கே எதிரி யார் என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

தரவரிசையில் இருக்கும் சிலரை மட்டும் ஒருவரோடு ஒருவர் சீக்கிரம் மோதாதபடி பிரித்து வைக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே விழுகிறார்களோ, அங்கேதான். பாரீஸில் நிகாத்துக்குத் தரவரிசை இடம் கிடைக்கவில்லை. அதனால் இறுதிப் போட்டியில் சந்திக்க வேண்டிய எதிரியை இரண்டாவது சண்டையிலேயே சந்தித்தார்.

இன்னொரு விஷயம். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வெண்கலத்துக்குத் தனிப் போட்டி கிடையாது. அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம் உண்டு. ஆகவே காலிறுதியைத் தாண்டினால் பதக்கம் உறுதி. தாண்டாவிட்டால் ஒன்றும் இல்லை. காலிறுதியில் ஒரு பக்கம் சிங்கமும் இன்னொரு பக்கம் ஆட்டுக்குட்டியும் விழலாம். யார் பக்கம் எது என்பது சீட்டு விழும் வரை பிரம்மாவுக்கும் தெரியாது!

சீட்டு விழுவதற்கு முன்னால் போடும் எந்தப் பட்டியலும், மாடு வருவதற்கு முன்னால் பரிசு கொடுப்பது போலத்தான்.

ஒன்பது நிமிஷம், ஐந்து பேர்

சீட்டு விழுந்துவிட்டது. இனிமேலாவது சொல்லலாமா?

பொறுங்கள். ஒரு சுற்று 3 நிமிஷம். மொத்தம் 3 சுற்று. வளையத்தைச் சுற்றி 5 நீதிபதிகள். சுற்றை வென்றவருக்கு 10 மார்க். தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு. ஒருவர் கண்ணுக்குக் குத்து. இன்னொருவர் கண்ணுக்குத் தட்டு. பாரீஸில் இந்தியாவின் பிரீத்தி பவார் தோற்றது 3-2 என்ற தீர்ப்பில். ஒரே ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால், முடிவும் மாறியிருக்கும்.

1988இல் சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸை, தென்கொரியாவின் பார்க் சி ஹுன் வென்றதாகத் தீர்ப்பு வந்தது. உலகமே கைகொட்டிச் சிரித்தது. 2016இல் ரியோவிலும் சந்தேகத் தீர்ப்புகள். அங்கே பணி செய்த 36 நடுவர்களும் நீதிபதிகளும் பின்னர் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். டோக்கியோவிலும் பாரீஸிலும் பழைய குத்துச்சண்டைச் சங்கத்தை நம்பாமல் ஒலிம்பிக் கமிட்டியே நேரடியாகப் போட்டியை நடத்த வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட விளையாட்டில், “நிச்சயம்” என்ற சொல்லை உச்சரிக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

தராசும் ஏமாற்றும்

உலகப் பட்டம் வென்றவர் ஒலிம்பிக்கிலும் வெல்வார் என்று நினைப்பது சகஜம். இங்கே தராசு குறுக்கே வருகிறது.

2025 லிவர்பூல் உலகப் போட்டியில் பெண்களுக்கு 10 எடைப் பிரிவுகள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலோ 7 தான். பத்துப் பேர் சாம்பியன். ஏழு பேருக்குத்தான் இடம்! மிச்சமுள்ளவர்கள் உடம்பைக் குறைக்க வேண்டும். அல்லது ஏற்ற வேண்டும். நிகாத்தே 2022இல் 52 கிலோவில் பட்டம் வென்று, பிறகு 50 கிலோவுக்கு இறங்கியவர்தான்.

இரண்டு கிலோதானே என்று நினைக்கக் கூடாது. கொழுப்பே இல்லாத உடம்பில் இரண்டு கிலோ குறைப்பது, ஓடுகிற குதிரைக்குத் தண்ணீர் காட்டாமல் ஓட்டுவது போன்றது. சண்டை இருக்கும் நாளெல்லாம் காலையில் தராசில் ஏறியாக வேண்டும்.

மீனாட்சியின் திக்குவிஜயம்

பட்டியல் பொய்ப்பது புதிதல்ல.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அமித் பங்கால் தன் எடையில் உலகின் முதல் இடத்தோடு போனார். முதல் சண்டையிலேயே தோற்றார். அசாமில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து முதல் முறையாக ஒலிம்பிக்குக்குப் போன லவ்லினா வெண்கலத்தோடு வந்தார். 2008இல் பெய்ஜிங்கில் அகில் குமார் உலகச் சாம்பியனையே வீழ்த்தினார். நாடே அவர் பெயரைச் சொன்னது. அடுத்த சண்டையில் அவர் தோற்க, பதக்கம் விஜேந்தர் சிங்குக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் 2025 செப்டம்பரில் லிவர்பூலில் கிடைத்தது.

லவ்லினா முதல் சண்டையிலேயே வெளியேறினார். நிகாத் காலிறுதியில் நின்றார். ஆண்கள் ஒரு பதக்கமும் பெறவில்லை. “முடிந்தது கதை” என்று நினைத்தபோது, இரண்டு பெண்கள் தங்கம் வென்றார்கள்.

ஒருவர் 57 கிலோவில் ஜாஸ்மின் லம்போரியா. ஆம், பாரீஸில் முதல் சண்டையிலேயே தோற்ற அதே ஜாஸ்மின்! இறுதிப் போட்டியில் அவர் வென்றது, பாரீஸில் வெள்ளி வாங்கிய போலந்துப் பெண்ணை. ஓராண்டுக்கு முன்னால் அவர் பெயரை எத்தனை பேர் பட்டியலிலிருந்து அடித்திருப்பார்கள்!

இன்னொருவர் 48 கிலோவில் மீனாட்சி ஹூடா. ரோத்தக் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவரும் பாரீஸ் வெண்கலக்காரி ஒருவரைத்தான் இறுதியில் வென்றார். சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் மீனாட்சியின் திக்குவிஜயம் பார்க்கும் மதுரைக்காரர்கள், இந்த மீனாட்சியின் பெயரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆளைப் பாராதே, ஊரைப் பார்!

அப்படியானால் ஜோசியமே கூடாதா?

கூடும். ஆனால் பார்க்க வேண்டிய ஜாதகம் வேறு.

பெய்ஜிங்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டைக்காரர்களில் நால்வர் ஹரியானாவில் பிவானி என்ற ஒரே ஊரில் பயின்றவர்கள். ஜாஸ்மினும் பிவானிதான். 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற ஹவா சிங்கின் குடும்ப வழியில் வந்தவர். ஓர் ஊரில் ஒரு வளையம், விடியற்காலையில் வந்து நிற்கும் ஒரு வாத்தியார், ஜெயித்த அண்ணனைப் பார்த்து வளரும் தம்பி தங்கைகள். இந்த மூன்றும் சேர்ந்தால் யாராவது ஒருவர் வருவார். யார் என்று சொல்ல முடியாது. வருவார் என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்குக் குத்துச்சண்டை அந்நியமல்ல. சென்னையின் தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். வடசென்னைத் தெருக்களில் குத்துச்சண்டைப் பரம்பரைகளே இருந்தன.

மதுரை?

சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரேவதி, செருப்பில்லாமல் ஓடிய பெண். பந்தயத் திடல் மைதானத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவர் அந்தக் கால்களைக் கண்டார். கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் வாங்கித் தந்தார். ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில் 2022இல் பாட்மிண்டனில் 3 தங்கம் வென்றார். எந்த டீக்கடைப் பட்டியலும் இவர்களை உண்டாக்கவில்லை. மைதானமும் வாத்தியாரும் உண்டாக்கினார்கள்.

சிலம்பம் சுழற்றிய மண் இது. காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகள் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் இருக்கிறார்கள். பயம் அறியாத நெஞ்சுக்கு இங்கே பஞ்சமில்லை. ஜல்லிக்கட்டுக்காகக் கீழக்கரையில் 2024இல் பெரிய அரங்கமே கட்டித் திறந்தார்கள். அதைக் கட்ட முடிந்த ஊருக்கு, நாலு கயிறு கட்டிய வளையங்கள் சிலவற்றைப் பேட்டைக்குப் பேட்டை போடுவது பெரிய காரியமா?

2008, 2012, 2021 என்று மூன்று ஒலிம்பிக்குகளில் மூன்று வெண்கலம். பாரீஸ் வரை குத்துச்சண்டையில் இந்தியா கண்ட ஒலிம்பிக் பதக்கம் அவ்வளவே. அடுத்த பட்டியலைக் கையில் எடுக்கும்போது இதை மறக்க வேண்டாம். சீட்டு விழட்டும், தராசு பேசட்டும், பிறகு பெயர் சொல்லுங்கள். தோற்று வருகிறவரின் பெயரை அடித்துவிடாதீர்கள்.

தோற்று வந்த பெண் அடுத்த நாள் காலையிலும் கையுறை மாட்டுகிறாளா என்று பாருங்கள். மாட்டினால், அவளுக்கு ஒரு வளையம் கொடுங்கள்.