'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள்?

நம் ஜப்பானிய மொழிச் சான்றிதழ் வகுப்புகளில் இருந்த வணிகப் பண்பாட்டுப் பாடவேளையைப் பாடத்திட்டக் குழு எடுத்துவிட்டது. காரணம் ஊரறிந்தது: ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் அதிலிருந்து கேள்வி வருவதில்லையாம், அந்த நேரத்தில் இன்னும் நாலு கான்ஜி எழுத்து படிக்கலாமாம். இந்தக் கணக்கு தவறு.

ஜேஎல்பிடி தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். எல்லாவற்றிலும் விடையைத் தேர்ந்து குறிப்பதுதான் வேலை. பேச்சுத் தேர்வு கிடையாது. ஒரு ஜப்பானியரிடம் வாய் திறந்து பேசாமலே என்2 வரை தேறிவிட முடியும். தேர்வின் மேல் குற்றமில்லை. அளக்க வந்ததை அது அளக்கிறது. வணிக ஜப்பானிய மொழிக்கென்று 1996 முதல் பிஜேடி என்ற தனித் தேர்வே நடக்கிறது. அலுவலகத்தில் பேசும் மொழி வேறு என்று ஜப்பானியர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நம் பாடத்திட்டக் குழுவுக்கு மட்டும் அது தெரியவில்லை.

நீக்கப்பட்டதில் நமக்கு அதிகம் வலிப்பது, ஊருக்கு ஊர் மாறும் வழக்கங்களைச் சொல்லித்தந்த பகுதி. 'கங்காயெத்தோகிமஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிப்படி 'யோசித்து வைக்கிறேன்' என்று பொருள். தோக்கியோக்காரர் சொன்னால் ஒருவேளை உண்மையாகவே யோசிப்பார். ஒசாகா வியாபாரி சொன்னால் 'வேண்டாம்' என்பதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். இது நமக்குப் புதிதா? ஜவுளிக்கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு 'பார்க்கலாம்' என்று எழுந்திருப்பவர் திரும்பி வரமாட்டார் என்பது கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இரண்டு ஊர்களும் வளர்ந்த விதமே வேறு. தோக்கியோ, எடோ என்ற பெயரில் ஷோகன் என்ற படைத்தலைவரின் ஆட்சி நகரமாக வளர்ந்த ஊர். ஒசாகாவோ நாடெங்கிலுமிருந்து அரிசி வந்து குவிந்த வணிக நகரம். 'நாட்டின் சமையலறை' என்றே பெயர் பெற்றது. அங்கே டோஜிமா அரிசிச் சந்தையின் முன்பேர வணிகத்துக்கு 1730இலேயே அரசு அங்கீகாரம் கொடுத்தது. 'லாபம் வருதா?' என்ற பொருளில் 'மோகரிமக்கா' என்று கேட்பதும், 'ஏதோ ஓடுது' என்ற பொருளில் 'போச்சிபோச்சி தென்னா' என்று பதில் சொல்வதும் ஒசாகா வணிகர்களின் பழைய குசலம். பேரம் பேசத் தோக்கியோவில் கூச்சப்படுவார்கள்; ஒசாகாவில் உரிமையோடு பேசுவார்கள். பக்கத்துக் கியோத்தோவில் விருந்தாளியிடம் 'தேநீர்ச் சோறு சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள் எனச் சொல்லிக்கொள்வார்கள். எல்லா ஒசாகாக்காரரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர்தான். காரைக்குடியும் கோயம்புத்தூரும் பேசுகிற விதம் வேறு என்பதற்காக, அங்கே எல்லோரும் ஒரே மாதிரி என்று நாம் சொல்லிவிடுவதில்லையே.

இந்தப் பாடவேளையை ஏட்டுச் சுவைக்காகக் கேட்கவில்லை. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஜப்பானிய ஆலைகள் இருக்கின்றன. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் உள்ள டைக்கின், ஒசாகாவில் பிறந்த நிறுவனம். உதிரிபாகம் செய்யும் அம்பத்தூர் பட்டறைக்காரருக்கும் ஒசாகாவிலிருந்து வந்த கொள்முதல் அதிகாரிக்கும் நடுவில் உட்காரப்போவது இந்த வகுப்பில் படித்த பிள்ளைதான். 'யோசித்து வைக்கிறேன்' என்பதை அப்படியே தமிழில் சொன்னால் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் பட்டறைக்காரர் வராத ஆர்டருக்காக இரும்பு வாங்கி அடுக்கிவிட்டுக் காத்திருப்பார். நட்டம் யாருடையது?

வகுப்பில் வைத்திருக்கிற 'மின்னா நோ நிஹோங்கோ' பாடநூலிலேயே மில்லர் என்பவர் ஒசாகா அலுவலகத்தில் வேலை பார்த்து, 25ஆம் பாடத்தில் தோக்கியோவுக்கு மாற்றலாகிப் போகிறார். ஊர் மாறினால் என்ன மாறும் என்று ஒரு மாணவர் கேட்டால், இனி ஆசிரியர் 'அது பாடத்தில் இல்லை' என்று சொல்ல வேண்டுமா?

இதே குழுவின் பழைய முடிவுகளையும் மறக்க முடியவில்லை. உரையாடல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஜப்பானிய ஆசிரியரைச் செலவு என்று நிறுத்தினார்கள். செவிப்பயிற்சிக் கூடம் என்று அறை ஒன்றைத் திறந்து, சில மாதங்களிலேயே பூட்டினார்கள்; ஹெட்போன்கள் உள்ளேயே தூசி படிந்து கிடக்கின்றன. பெயர் அட்டையை இரு கையாலும் கொடுத்து வாங்கப் பழக்கிய ஒத்திகையை 'நாடகம்' என்று சொல்லி வெட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டது பேச்சும் பழக்கமும்தான். ஒவ்வொரு முறையும் ஆசிரியர்களைக் கேட்கவில்லை. தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி மேலிடத்தில் பெயர் வாங்குவதற்காக மாணவர்களின் பிழைப்பில் கை வைப்பதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது. இது பொறுப்பின்மை.

இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்களையும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களையும் கூப்பிட்டு, என்ன சொல்லித்தர வேண்டும் என்று புதிதாகப் பேச வேண்டும். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: கட்டணம் கட்டுகிறவர்கள் நீங்கள். அந்தப் பாடவேளை எங்கே போயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள்.