ஜைரோவை எங்கே ஒட்டுவது?

போன வருஷம் எங்கள் புராஜெக்ட் ஹெலிகாப்டர் கல்லூரி மைதானத்தில் பம்பரமாய்ச் சுற்றி விழுந்ததைப் பார்த்துப் பலர் சிரித்தீர்கள். சிரிங்க, தப்பில்லை. ஆனால் ஒருத்தர்கூட "ஏன் விழுந்தது?" என்று கேட்கவில்லையே! அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால், ஹெலிகாப்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. அதை அடக்கத்தான் வால் ரோட்டர். உடம்பு திரும்பும் வேகத்தை உணர்ந்து, வால் சர்வோவுக்குக் கட்டளை கொடுப்பது ஜைரோவின் வேலை.

"மெயின் ஷாஃப்ட்டை ஒட்டி நட்ட நடுவுல வச்சாதான்டா ஜைரோ ஒழுங்கா வேலை செய்யும்" என்றார் சீனியர் அண்ணன். அவருக்கு அவரோட சீனியர் சொன்னது. நாங்களும் தலையாட்டிவிட்டு, நடுவில் கிடைத்த ஒரே இடமான எஞ்சின் பக்கத்துத் தகட்டில் ஒட்டினோம். எஞ்சின் சூடேற ஏற வால் தன்பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்துக் குதிரையில் இருப்பவனும், நடுவில் நிற்பவனும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில்தான் முடிக்கிறார்கள். போகிற தூரம்தான் வேறு, திரும்பும் கோணம் ஒன்றே. ஜைரோ அளப்பது அந்தக் கோண வேகத்தைத்தான். ஆக, நடுவில் வைத்தாலும் மூக்கில் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்!

அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாமா? கூடாது. மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, ஜைரோவின் அச்சு மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் திரும்பும் வேகத்தில் 1.5 சதவீதம்தான் குறைத்துக் காட்டும். ஆனால் சாய்ந்த பக்கத்து அசைவில் 17 சதவீதம் உள்ளே புகுந்துவிடும். வால் குழம்பாதா?

இரண்டு, அதிர்வும் சூடும். இன்றைய ஜைரோவுக்குள் இருப்பது அதிரும் சிறு சிலிக்கான் துண்டு. அதிர்வை வைத்து வேலை செய்வதற்கு வெளி அதிர்வே எதிரி. சூடு ஏறினால் பூஜ்யம் நகரும்.

மூன்று, அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும். வளைந்து ஆடும் வால் குழாய் வேண்டவே வேண்டாம். ஃபோம் டேப் போதும், வயரை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். அந்த வயர் வழியாகவே அதிர்வு வரும்.

நாங்கள் ஜைரோவைக் கழற்றி, எஞ்சினுக்குத் தள்ளி முன்பக்கத் தட்டில் ஒட்டினோம். வால் நின்ற இடத்தில் நின்றது!

இது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. 60 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 400 கி.மீ. அன்று பக்கத்தில் ஆள் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அதனால் தம்பிகளே, எஞ்சினைக் கிளப்பும் முன் மூக்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். வால் பிளேடு அதை எதிர்த்துத் திரும்புகிறதா? இல்லையென்றால் பறக்க விடாதீர்கள்.

சீனியரை மதிப்போம். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதும் மதிப்புதான். நாளைக்கு நான் சொன்னதையும் சோதியுங்கள். பாலிடெக்னிக்கில் படித்தோம் என்பதற்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

– இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்